வெள்ளிக்கிழமை ஒத்திகை

அபாயச் சங்கு ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆவுடை தலையில் பூ வைத்துத் தயாராகிவிட்டாள்.

அவள் மட்டுமல்ல. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அணுவூரில் எந்தப் பெண்ணும் பழைய சேலையில் இருப்பதில்லை. ஆண்கள் முதல் நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருப்பார்கள். குழந்தைகளின் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருக்கும். அணு உலையில் விபத்து நேர்ந்தால் ஊரைக் காலி செய்வது எப்படி என்பதற்கான ஒத்திகை அது. ஒரு பேரழிவை இத்தனை ஆசையோடு எதிர்பார்க்கும் ஊர் உலகத்தில் வேறு இருக்க முடியாது.

காரணம் எளிமையானது. ஒத்திகையில் பஸ்கள் எல்லைக் கேட் வரை போகும். கேட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். பஸ்கள் திரும்புவதற்குள் அவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் சரக்கு லாரிக்குத் தவிர யாருக்கும் கேட் திறக்காது; மாதத்தில் அந்த ஒரு முறைதான் பார்க்க முடியும்.

ஆவுடையைப் பார்க்க அவள் கணவன் தாணு வருவான்.

அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு சூரியனில் ஒரு புயல் கிளம்பியது. வானம் சிவந்தது. நாடு முழுக்க இருந்த பெரிய டிரான்ஸ்பார்மர்கள் கருகின. தொலைதூரத்திலிருந்து மின்சாரம் சுமந்து வந்த கம்பிகள் காக்கை உட்காருவதற்கு மட்டும் பயன்பட்டன. புது டிரான்ஸ்பார்மர் செய்ய வேண்டுமென்றால் தொழிற்சாலை ஓட வேண்டும். தொழிற்சாலை ஓட மின்சாரம் வேண்டும். அரசாங்கம் கடைசியில் கையை விரித்தது. இனி அந்தந்த ஊர் தனக்கான கரண்டைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச காலத்தில் ஊர்களின் பழைய பெயர்கள் தபால்காரர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தன. மற்றவர்களுக்கு அவை வெயிலூர், காத்தூர், அணையூர், கரியூர், அணுவூர்.

கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தை வாங்கும் முன்பு, “உங்களுக்கு என்ன கரண்ட்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். வெயிலூர் மாப்பிள்ளை ஒழுக்கமானவன். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுவான், வேறு வழியில்லை. காத்தூர்க்காரன் பாதி வருஷம் ராஜா, பாதி வருஷம் சந்நியாசி. கரியூர்க்காரனைப் பெண் பார்க்கும்போது இருமச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆவுடை அணையூர்ப் பெண். காத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். தாணு காற்றாலைகளில் ஏறி இறக்கைகளைப் பழுது பார்ப்பவன். கல்யாணமான மறு வருஷம் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகின. அவற்றில் ஏறிப் பழுது பார்க்க யாருமில்லை. வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால் உயிரோடு இருக்கலாம் என்றார் டாக்டர்.

காத்தூர் ஆஸ்பத்திரியில் மெஷின் உண்டு. காற்று இருந்தால் ஓடும். புரட்டாசிக் கடைசியில் காற்று படுத்துவிட்டது. தாணு அவளை வெயிலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஐப்பசி அடைமழை பிடிக்கும் வரை. மேகம் விலகி மெஷின் மறுபடி ஓடியபோது அவள் நினைவிழந்து கிடந்தாள். அணையூரில் அணை நிரம்பவே மார்கழி ஆகும், சித்திரைக்கு மேல் சேறுதான். கரியூரில் வருஷம் முழுக்க கரண்ட் இருந்தது. ஆனால் சாம்பல் இறங்கிய தண்ணீர். மெஷினுக்குக் குடம் குடமாகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். கரண்டைச் சேமித்து வைக்கலாமே என்றால், பழைய பேட்டரிகள் எப்போதோ செத்துவிட்டன. புதிதாகக் கப்பலில் வருபவை ராணுவத்தைத் தாண்டி வருவதில்லை.

மிஞ்சியது அணுவூர். வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் அசையாத கரண்ட். இரவும் பகலும் கடலோரத்திலிருந்து உலையின் ‘ம்ம்ம்’ என்ற ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக வருபவர்களுக்குத் தூக்கம் வராது. பழகியவர்களுக்கு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அணுவூரில் குடியேற ஒரே ஒரு நிபந்தனை. பஸ்ஸில் சீட் வேண்டும்.

விபத்து என்றால் ஊரை ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும். எத்தனை பஸ் இருக்கிறதோ, அந்த பஸ்களில் எத்தனை சீட் இருக்கிறதோ, அத்தனை பேர்தான் ஊரில் இருக்கலாம். கைக்குழந்தைக்கு மடி போதும். மற்றவர்களுக்கு நம்பர் போட்ட சீட். ஆவுடைக்கு நோயாளி என்று உடனே ஒரு சீட் கிடைத்தது. தாணு நல்ல ஆரோக்கியமாக இருந்தான். அதுதான் அவன் குறை. நின்றுகொண்டே வருகிறேன் என்று அதிகாரியிடம் மன்றாடிப் பார்த்தான். ஓடும் பஸ்ஸில் தொங்கியே பழக்கம் என்றும் சொன்னான். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பஸ்ஸில் யாராவது இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்த இடம் காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகும்.

இப்போது வரிசையில் முதல் ஆள் தாணு. பஸ்ஸில் யாராவது தும்மினால் ஆவுடையின் மனசு ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்கும். அதற்காக அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொள்வாள்.

சங்கு ஊதியது. ஊர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறியது.

பக்கத்து சீட் ஞானசிகாமணி அண்ணாச்சியுடையது. உலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது. மனைவி இல்லை. வியாதியும் இல்லை. விடியற்காலையில் கடற்கரையில் ஓடுவார்.

“என்ன பிள்ள, என் மூஞ்சியவே பாக்க? கவலப்படாத. நேத்துதான் டாக்டர் பாத்தாரு. இன்னும் இருபது வருஷம் தாங்குமாம்,” என்றார்.

“நான் சன்னலப் பாத்தேன் அண்ணாச்சி.”

“நம்பிட்டேன்.” எழுந்து அவளுக்கு சன்னலோரத்தை விட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு ஒத்திகையிலும் செய்வதுதான்.

போகும் வழியில் வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒத்திகை வருஷத்துக்கு இரண்டு தடவைதான். ஆவுடைதான் பெண்களைத் திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், மாதா மாதம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். அடிக்கடி ஒத்திகை நடந்தால் மக்கள் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று மேலிடத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பதால் அதிகாரியும் சம்மதித்துவிட்டார். இத்தனை பஸ்ஸும் டீசல் குடிக்கிறதே, அதே தொட்டியிலிருந்துதானே உலையின் அவசர பம்புக்கும் டீசல் போகிறது என்று அண்ணாச்சி அன்றைக்கே கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

“உலைக்கு எதுக்கு அண்ணாச்சி டீசலு? அதுதான் ஊருக்கே கரண்ட் குடுக்கே,” என்றாள் ஆவுடை, கண்ணை சன்னலிலிருந்து எடுக்காமல்.

“உலைய நிறுத்தினாலும் சூடு நிக்காது பிள்ள. அடுப்ப அணைச்ச பெறவும் இட்லிச் சட்டி கொதிக்கலியா? அதுக்கு மேல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணிய ஓட்ட பம்பு, பம்புக்குக் கரண்டு. அந்தக் காலத்துல வெளியூர்க் கம்பியில கரண்ட் வாங்கிக்கிடுவோம். இப்ப வாங்க யாரு இருக்கா? டீசல்தான்.”

அதற்குள் எல்லை வந்துவிட்டது.

கேட்டைத் தாண்டி இரண்டு கயிறுகள் கட்டியிருந்தார்கள். நடுவே கை எட்டாத இடைவெளி. அதில் போலீஸ்காரர்கள் கூடையோடு நடந்து, இந்தப் பக்கத்துப் பொருளை அந்தப் பக்கம் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு சந்தையே முளைத்திருந்தது. பலூன், சுக்குக் காப்பி, வளையல். எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாணு கயிற்றை வயிற்றில் அழுத்தியபடி நின்றிருந்தான். காற்றில் காய்ந்து வெடித்த உதடுகள். கூடையில் பொரிப் பொட்டலம் வைத்து அனுப்பினான். அவள் சாப்பிடக்கூடியவை கொஞ்சம்தான். அதில் பொரி ஒன்று.

மெலிந்துவிட்டாய் என்றான். நீங்களும்தான் என்றாள். வீட்டு ஓடு மாற்றியதைச் சொன்னான். பூனை குட்டி போட்டதைச் சொன்னான். அவளுடைய சேலைகளை மாதம் ஒரு முறை வெயிலில் போட்டு எடுப்பதாகச் சொல்லிவிட்டு, ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னவன்போல வெட்கப்பட்டான். ஆவுடைக்கு அந்த இரண்டு கயிறுகளுக்கு நடுவே இருந்த மண்ணைப் பார்க்கத்தான் முடிந்தது.

“அண்ணாச்சி எப்படி இருக்காரு?” என்று கேட்டான் தாணு. கேட்டவுடன் தலையைக் குனிந்துகொண்டான்.

பஸ் சன்னலிலிருந்து அண்ணாச்சியே பதில் சொன்னார். “கல்லு மாதிரி இருக்கேன்டே. மன்னிச்சுக்கோ.”

கயிற்றின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். ஹார்ன் அடித்தது.

ஆஸ்பத்திரியில் மெஷின் ஓடும்போது அண்ணாச்சி வந்து ஆவுடையின் கட்டிலருகே உட்காருவார். அவளைப் பார்க்க வந்ததாகச் சொல்வார். உண்மையில் ஏசிக்காக. ஆடி நடுவில் ஒரு நாள், கையில் இரண்டு குழாய்கள் சொருகியிருக்க, ஆவுடை மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு வெயிலூர்ல மக இருக்காள்ளா?”

“இருக்கா.”

“அங்க போயிரலாம்லா?”

அவருக்குப் புரிந்துவிட்டது. சுவரில் எரிந்த குழல்விளக்கைப் பார்த்தார்.

“போனா கஞ்சி ஊத்துவா. நல்ல பிள்ளதான். ஆனா அங்க ராத்திரி ஃபேன் ஓடாது பிள்ள. எனக்கு ஃபேன் இல்லாம உறக்கம் வராது.”

“ஒரு ஃபேனுக்காகவா?”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. ஒரு கிழவரின் தூக்கத்தைப் பிடுங்கப் பார்த்தோமே என்று ஆவுடைக்குக் குத்தியது. குத்தினாலும், கேட்டதைத் திரும்பப் பெற அவளுக்கு மனமில்லை.

மூன்றாவது முறை வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“ராத்திரி ஃபேன நிறுத்திட்டுப் படுத்துப் பாத்தேன்,” என்றார். “நாலு நாளா.”

“என்ன ஆச்சு?”

“சாகல.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஆவணி ஒத்திகையில கேட்டுல எறங்கிக்கிடுதேன். அதே எடத்துல உன் மாப்பிள்ளைய ஏறிக்கிடச் சொல்லு. அழாத, குழாய் ஆடுது.”

உப்பு லாரி டிரைவர் மூலம் காத்தூருக்குச் செய்தி போனது. டிரைவர் அதை வழியில் டீக்கடைதோறும் சொல்லிக்கொண்டே போனதால், தாணுவுக்குத் தெரிவதற்கு முன் காத்தூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் கண்ணாடிக் குடை போன்ற சொறி மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரை ஒதுங்கின. கடல் வருஷத்துக்கு வருஷம் சூடாகிறது, அதுதான் இப்படி மொய்க்கின்றன என்றார் அண்ணாச்சி. ஆவுடை கவனிக்கவில்லை. அவள் இரண்டாவது தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி முதல் வெள்ளியன்று சங்கு சீக்கிரமே ஊதிவிட்டது.

ஊரே சலித்துக்கொண்டது. பாதித் தலை பின்னியவர்கள் மீதியை பஸ்ஸில் பின்னிக்கொண்டார்கள். பொட்டு வைக்காமல் வந்த ஒருத்தி திரும்ப வீட்டுக்கு ஓடினாள். இன்னும் சில பெண்கள் சேலை மாற்றாமல் வர மாட்டோம் என்று உள்ளே கதவைச் சாத்திக்கொள்ள, டிரைவர்கள் கதவுகளைத் தட்டினார்கள். வழக்கமாகக் கிண்டல் பேசும் டிரைவர்கள் அன்றைக்குப் பேசவில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை. ஆவுடை பச்சைப் பட்டில் இருந்தாள். வீட்டைப் பூட்டும்போது, மாலையில் இதே பூட்டைத் தாணு திறப்பான் என்று நினைத்தாள். சாவியை அவனிடம்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி டிரங்குப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. தெரு முனை திரும்பியதும் அவர் அவள் முழங்கையைத் தொட்டார்.

“பிள்ள, சத்தம் கேக்கா?”

“என்ன சத்தம்?”

“அதான் கேக்கேன்.”

ஆவுடை காது கொடுத்தாள். பஸ் எஞ்சின். குழந்தைகளின் கூச்சல். வளையல்கள். அவற்றுக்கு அடியில் எப்போதும் இருக்கும் அந்த ‘ம்ம்ம்’ இல்லை. அவள் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அது இல்லாமல் ஒரு நொடியும் கழிந்ததில்லை.

“நின்னுட்டு,” என்றார் அண்ணாச்சி. மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து பேசினார். “சொறி மீன் உலைக்குக் கடல் தண்ணி எடுக்குற வாய அடைச்சிருக்கும். உலை தானா நின்னுருக்கும். டீசல் பம்பப் போட்டிருப்பானுவ.”

“அப்ப சரியாயிரும்லா?”

அவர் முன்னால் போகும் பஸ்களின் நீண்ட வரிசையையே பார்த்தார். காலையில்தான் அதே தொட்டியிலிருந்து அத்தனை பஸ்ஸுக்கும் டீசல் நிரப்பியிருந்தார்கள்; பம்புக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஆவுடைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அலுவலக வாசலில் பெண்களோடு உட்கார்ந்த மதியம். மாதா மாதம் வேண்டும் என்று அவள் எழுப்பிய குரல். மாதம் ஒரு தடவை அந்தக் கயிற்றின் ஓரத்தில் நிற்பதற்காக எரித்த டீசல்.

“நான்தான் அண்ணாச்சி...”

“நீ மட்டும் ஏறலியே. நானுந்தான் ஒவ்வொரு தடவையும் ஏறினேன். சந்தையில சுக்குக் காப்பி நல்லாருக்கும்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எல்லாரும் வெளிய வந்துட்டோம். அது போதும். ஊரத்தான் மூடிருவானுவ.”

“எவ்வளவு நாளைக்கு?”

“என் கணக்கெல்லாம் விடு. உன் ஆயுசுக்கு.”

ஆவுடை தன் இடது கையைப் பார்த்தாள். நேற்றுத்தான் மெஷினில் படுத்து எழுந்திருந்தாள். நாளை மறுநாள் வரை உடம்பு பொறுக்கும். அதற்கு மேல் பொறுக்காது என்பது அவளுக்கு வெயிலூர் மழையில் தெரிந்தது.

“இவங்கள்ட்ட சொல்லணுமே,” என்றாள். முன் சீட்டில் ஒரு பெண் மடியிலிருந்த குழந்தைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

“கேட்டத் தாண்டட்டும். இப்ப சொன்னா குதிச்சுருவாங்க.”

எல்லையில் கயிறுகள் இல்லை. அவிழ்த்துத் தரையில் போட்டிருந்தார்கள். கேட் அகலத் திறந்திருந்தது. போலீஸ்காரர்கள் போ போ என்று கையை ஆட்டினார்கள். ஆனால் ஒத்திகை பார்க்க அப்போதுதான் வந்து சேர்ந்த கூட்டம், கயிறு கீழே கிடப்பதைக் கண்டு வேறு விதமாகப் புரிந்துகொண்டது. அரசாங்கத்துக்கு இரக்கம் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இனிமேல் தொட்டுப் பேசலாமாம் என்றார் இன்னொருவர். அவ்வளவுதான், கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு பஸ்களை நோக்கி ஓடிவந்தது. டிரைவர்களுக்கு நிறுத்துவதைத் தவிர வழியில்லை. கதவுகள் திறந்தன. அம்மாக்கள் மகன்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் தன் பேத்தியைத் தூக்கத் தெரியாமல் தூக்கினார். பலூன்காரன் இரண்டு பலூன்களைச் சும்மாவே கொடுத்தான்.

தாணு தோளில் ஒரு தகரப் பெட்டியோடு ஓடிவந்தான். புதுச் சட்டை. முடி வெட்டியிருந்தான். படியிலிருந்து ஆவுடை இறங்கினாள். பெட்டியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி மறு கையால் அவளை இழுத்து அணைத்தான். ஊர் முன்னால் என்று அவளும் கூச்சப்படவில்லை. இந்தத் தோளின் உயரத்தை அவள் மறந்துபோயிருந்தாள். தன் நெற்றி அவன் கழுத்தெலும்பில் வந்து படும் என்று நினைத்திருந்தாள். அதற்குச் சற்றுக் கீழே பட்டது.

“நான் ஆள் மாத்த வந்தேன். இங்க என்னடான்னா எல்லாருக்கும் அவுத்து விட்டுட்டானுவ,” என்று சொல்லிச் சிரித்தான் தாணு. “அண்ணாச்சி, பெட்டியத் தூக்கிட்டு உள்ளயே போயிரும். இனி ஒம்ம சீட்டு எனக்கு வேண்டாம்.”

அண்ணாச்சி சன்னலில் உட்கார்ந்திருந்தார். ஆவுடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

போலீஸ் ஜீப்பின் ஒலிபெருக்கி ஏதோ சொல்லத் தொடங்கியது. கூட்டத்தின் சந்தோஷத்தில் அது கேட்கவில்லை. முதல் பஸ்ஸுக்கு அருகில் மட்டும் சிலர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அது இங்கே வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

“ஏங்க,” என்றாள் ஆவுடை, முகத்தை எடுக்காமல். “நம்மூர்ல இப்ப காத்து எப்படி?”

“அத ஏன் கேக்க? மலையவே தள்ளிட்டுப் போற மாதிரி அடிக்கு. இறக்கையில ஆளு நிக்க முடியல.”

“எவ்வளவு நாளைக்கு அடிக்கும்?”

தாணு யோசித்தான். தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் பொறுப்பாகவே பதில் சொன்னான்.

“ஆவணி பூரா குறையாது. புரட்டாசி பாதி வரைக்கும் இழுக்கும். நல்ல வருஷம்னா கடைசி வரைக்கும். பெறவு தேஞ்சு தேஞ்சு, ஐப்பசியில சுத்தமா படுத்துரும். எப்பவும் உள்ளதுதான?” குனிந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றான். “ஏட்டி, இத்தன நாள் கழிச்சுப் பாக்கோம், காத்தப் பத்தியா கேக்குத?”

“சும்மாதான் கேட்டேன்,” என்றாள்.

அவன் மறுபடி சிரித்தான். சிரிப்பு அவன் நெஞ்சில் எழுந்து அவள் கன்னத்தில் அதிர்ந்தது. அது முடியட்டும் என்று அவள் காத்து நின்றாள்.